சேற்றுக் காலுக்குக் கடைசிப் பந்தி

ஓடையோரக் காடு ஒன்றில் வாய்ச்சவடால் நரி ஒன்று இருந்தது, குழந்தைகளே. அறுவடை விருந்தில் யார் எந்தப் பந்தியில் உட்காருவது என்று முடிவு செய்வதுதான் அதன் வேலை. வேறு வேலை எதுவும் அதற்குத் தெரியாது. இதைப் பிற்பாடு நரியே ஒப்புக்கொண்டது.

முதல் பந்தி சிங்கத்துக்கும், சமையல் செய்த கரடிக்கும், ஆடிய மயிலுக்கும். நெல்லை விளைவித்த எருமை வயலிலிருந்து நேரே வந்து நின்றதும் நரி மூக்கைச் சுளித்தது.

"சேத்துக் காலோட வந்தா கடைசிப் பந்திதான். இதுதான் சட்டம்!" என்றது. வாசலில் நின்ற முயலிடம், "யாரா இருந்தாலும் விடாதே" என்று கட்டளையும் போட்டது. எருமை ஓரமாகப் போய் நின்றது.

அடுத்த போகத்தில் கதிர் பால் பிடிக்கும் நேரம் பார்த்து எருமையின் மகளுக்குப் பேறுகாலம் வந்தது.

"மூணு நாள் குருவி விரட்ட ஆள் வேணும். இந்த நெல்லை நம்பித்தான் மழைக்காலத்துல காடே இருக்கு" என்றது எருமை.

"நான் ஒரு அதட்டல் போட்டாப் போதாதா?" என்றது நரி.

"போதாது தம்பி. சேத்துல இறங்கி, தகரத்தைத் தட்டிக்கிட்டே ஓடணும்."

"கவலைப்படாமப் போயிட்டு வாங்க அக்கா!"

நரி வயலோரக் காவல் பரண்மேல் ஏறிக் கால் நீட்டிக்கொண்டது. குருவிகள் வந்தன. சேற்றில் இறங்க அதற்கு மனம் வரவில்லை. எழுந்து நின்று தொண்டையைச் செருமியது. "சிறகு படைத்த பெருமக்களே! பிறர் உழைப்பை உட்கார்ந்து தின்பது அழகா?" என்று தொடங்கி, உச்சி வெயில் வரை முழங்கித் தள்ளியது.

குருவிகள் ஆளுக்கொரு கதிரில் அமர்ந்து, தின்றுகொண்டே கேட்டன. நடுநடுவே தலையையும் ஆட்டின. 'சொக்கிப் போய்விட்டார்கள்!' என்று நரிக்குப் புல்லரித்தது.

மறுநாள் கூட்டம் இரண்டு மடங்கு. "அண்ணே, இவங்க எங்க மாமனார் வீட்டு ஆளுங்க. நேத்துப் பேசினதையே இன்னொரு தரம் பேசுங்க. அவசரமே இல்ல" என்றது ஒரு குருவி. நரி அவசரப்படவே இல்லை.

மூன்றாம் நாள் தொண்டை கட்டிக்கொண்டது. வேறு வழியில்லாமல் வாயை மூடிய பிறகுதான் நரி வயலைப் பார்த்தது. பாதி வயல் வெறும் பதர். 'உட்கார்ந்து தின்பது அழகா என்று குருவியைக் கேட்டேனே, இத்தனை வருஷமாக நான் வேறு என்ன செய்தேன்?'

எருமை வந்து பார்த்தது. அதன் கண் கலங்கியது.

"திட்டுங்க அக்கா" என்றது நரி கரகரத்த குரலில்.

"திட்டிக்கிட்டு நின்னா மிச்சமும் போயிடும். தகரத்தை எடு."

அன்று முதல் அறுவடை வரை இருவரும் விடியலிலிருந்து பொழுது சாயும்வரை ஓடினார்கள். நரி வரப்புக்கு வரப்பு வழுக்கி விழுந்தது. பாதி நெல்லாவது தப்பியது. மழைக்காலத்தில் காட்டுக்கு அரை வயிற்றுக் கஞ்சி நிச்சயமாயிற்று.

விருந்து நாளில் நரி வயலிலிருந்து நேரே பசியோடு ஓடிவந்தது. முயல் மறித்தது.

"சேத்துக் காலா? கடைசிப் பந்தி."

"டேய், சட்டம் போட்டதே நான்தான்டா!"

"யாரா இருந்தாலும் விடாதேன்னு சொன்னதும் நீங்கதான் அண்ணே."

நரி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தது. ஓரத்தில் நின்ற எருமை நகர்ந்து இடம் கொடுத்தது.

உள்ளேயிருந்து சிங்கம் கூப்பிட்டது. "எங்கே நரி? பந்தி தொடங்குமுன் வழக்கம்போல வந்து சோற்றைப் புகழ்ந்து பேசு!"

நரி ஓர் இலையை எடுத்துக் கழுவி, எருமையை அழைத்துப் போய், சிங்கத்தின் பக்கத்தில் அந்த இலையை விரித்தது. "உட்காருங்க அக்கா. என் பேச்சு முடிஞ்சுது, ராஜா."

சிங்கம் எருமையின் காலைப் பார்த்தது. பிறகு அதற்கு இடம் விட்டுத் தன் இலையைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டது.

நரி மட்டும் கடைசிப் பந்திக்குத் திரும்பியது. அதற்குக் கிடைத்தது அடிப்பிடித்த சோறு இரண்டு கவளம். ஒரு பருக்கையைக்கூட அது கீழே விடவில்லை.

நீதி: சோற்றைப் புகழுமுன், அதற்காகச் சேற்றில் நின்றவருக்கு முதல் இலை போடு.