வட்டம் சுற்றும் நேரம்

ஞானம் தேடி மலையேறுகிறவர்கள் ஏறட்டும். இந்தக் கதையில் வரும் குரு திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு செருப்புக் கடையின் மாடியில், பழைய கம்ப்யூட்டர்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் மெஹருன்னிசா. வயது முப்பத்து மூன்று.

சீடர் சின்னக்காளைக்கு ஐம்பத்தாறு. நூல் மில்லில் ஃபிட்டராக இருந்தவர். மில்லை மூடிய பிறகு, ஸ்பேனர் பிடித்த கைக்கு ஸ்க்ரூ டிரைவர் பிடிபடாமலா போகும் என்று படியேறி வந்தவர். வந்து எட்டு மாதம் ஆகிறது.

குரு சீடரை அண்ணே என்பார். சீடர் குருவை மேடம் என்பார். இதில் இருவருக்கும் கூச்சமில்லை. பார்க்கிறவர்களுக்குத்தான் கொஞ்சம் சிரிப்பு வரும்.

ஒரு சனிக்கிழமை சிவபாக்கியம் கடைக்கு வந்தார். கலெக்டர் ஆபீசுக்கு எதிரே, டீக்கடைத் தாழ்வாரத்தில் மேசை போட்டு மனு டைப் அடித்துக் கொடுப்பவர். திங்கட்கிழமை குறைதீர் நாள். மாவட்டத்தில் இருக்கிற குறையெல்லாம் அன்றைக்குக் காலையில் பஸ் பிடித்து வந்து இறங்கிவிடும். அந்த ஒரு நாளில் அடிக்கிற மனுவில்தான் அவருக்கு வாரம் ஓடியது.

"மெஷின் நிக்குதும்மா," என்றார்.

"எந்த எடத்துல நிக்குது?"

"எந்த எடத்துல நிக்கலேன்னு கேளுங்க. ஆன் பண்ணா கால் மணி நேரம். அப்புறம் ஒவ்வொரு மனுவுக்கும் ஒரு தடவ ஸ்க்ரீன்ல அந்த வட்டம் சுத்த ஆரம்பிச்சிரும். எட்டு நிமிஷம், பத்து நிமிஷம். ரெண்டு வருஷமா இதே கததான். ஆளுக எந்திரிச்சுப் போயிர்றாக."

ஆட்கள் போவதோடு அது முடியவில்லை. வரிசையில் நிற்கிறவர்கள் டீ குடிப்பார்கள் என்றுதான் டீக்கடைக்காரர் அவருக்கு இடமும் கரண்டும் கொடுத்திருந்தார். வரிசை கரைந்தால் டீயும் கரைந்தது. இன்னும் இரண்டு திங்கட்கிழமை பார்ப்பேன், அதற்குப் பிறகு இடத்தை ஜெராக்ஸ்காரருக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டாராம்.

"எவ்வளவு வச்சிருக்கீங்க அக்கா?"

"ரெண்டாயிரத்து ஐநூறு. அதுக்கு மேல ஒத்த ரூவா இல்ல. இருந்தா புதுசே வாங்கிருக்க மாட்டேனா?"

அதைக் கெஞ்சலாகச் சொல்லவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை. கெஞ்சவும் கோபப்படவும் தெம்பு வேண்டும்.

"திங்கக்கிழம வேல முடிஞ்சதும் கொண்டாங்க," என்றார் குரு.

சிவபாக்கியம் போனதும் சீடர் ஒரு அட்டையைக் கிழித்து எழுத ஆரம்பித்தார். போர்டு, ப்ராசஸர், ரேம், பவர் சப்ளை, ஃபேன். எழுத எழுத அவருக்கு உற்சாகமாக இருந்தது. குரு எட்டிப் பார்த்தார்.

"இது புது மெஷின்ண்ணே. அத வாங்க முடியாமத்தான் அவங்க மாடியேறி வந்துட்டுப் போறாங்க."

சீடர் அட்டையைக் கவிழ்த்து வைத்தார். "அப்ப ஒண்ணு கேக்குறேன் மேடம். பழைய மெஷின், கையில காசு கம்மி. மொதல்ல எதுல கை வைக்கணும்?"

குரு யாருடைய கீபோர்டையோ தலைகீழாகப் பிடித்துத் தட்டிக்கொண்டிருந்தார். முறுக்குத் துண்டு ஒன்று விழுந்தது.

"திங்கக்கிழம அக்கா பக்கத்துல ஒரு ஸ்டூல் போட்டு உக்காந்து பாத்துட்டு வாங்க."

"மெஷினையா மேடம்?"

"பாத்துட்டு வாங்கண்ணே."

திங்கட்கிழமை சின்னக்காளை எட்டு மணிக்கே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். முதலில் வந்தவர் நத்தம் பக்கத்துப் பெரியவர். முதியோர் பென்ஷன் வரவில்லை, அதற்கு ஒரு மனு என்றார். சிவபாக்கியம் இரண்டு வரி அடிப்பதற்குள் வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் பெரியவர் பேசினார். மாடு, மழை, மருமகள் என்று எங்கெங்கோ போய்விட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தினார். அவர் செத்துப்போய்விட்டதாக யாரோ எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். அதை வெளியே சொல்ல அவருக்கு வெட்கம். வட்டம் நின்றதும் சிவபாக்கியம் அடித்திருந்த இரண்டு வரியையும் அழித்தார். "நான் உயிரோடு இருக்கிறேன்" என்று முதல் வரி அடித்தார்.

சின்னக்காளைக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

அதற்குப் பிறகு வந்தவர்களும் அப்படித்தான். பட்டா என்று வந்த பெண்ணுக்குப் பட்டா பிரச்சினையே இல்லை, அண்ணன்தான் பிரச்சினை. பத்தடி தள்ளி ஒரு பையன் புது மெஷின் வைத்திருந்தான். பேர், ஊர், கோரிக்கை என்று கேட்டு இரண்டே நிமிடத்தில் மனுவை உருவிக் கையில் கொடுத்தான். அங்கே எழுதிக்கொண்டு போன ஒருவர், சொல்ல வந்தது இதில் இல்லையே என்று திரும்பி வந்து சிவபாக்கியத்திடம் உட்கார்ந்தார்.

சாயந்திரம் சின்னக்காளை சி.பி.யூ பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு மாடியேறினார். மூச்சு வாங்கியது. ஆனால் முகத்தில் அப்படி ஒரு தெளிவு. போதி மரத்தடியிலிருந்து நேராகப் பேருந்து நிலையத்துக்கு வந்தவர் மாதிரி இருந்தார்.

"புரிஞ்சிருச்சு மேடம்."

"என்ன புரிஞ்சுச்சு?"

"இதுல கை வைக்கவே கூடாது."

குரு நிமிர்ந்து பார்த்தார்.

"வட்டம் சுத்துற நேரத்துலதான் மேடம் சனங்க மனசு தெறக்குது. அந்தம்மா எழுதுற மனுவுல உசுரு இருக்குன்னா அது இந்த மெஷின் நிக்கிறதாலதான். வேகம் வந்துச்சுன்னா இதுவும் அந்தப் பையன் மெஷின் மாதிரி ஆயிரும். தூசியத் தட்டிக் குடுத்துட்டு, காச அந்தம்மாகிட்டயே திருப்பிக் குடுத்திரலாம்."

குரு காலையிலிருந்து பதினாறு மெஷின் பார்த்திருந்தார். முதுகை நாற்காலியில் சாய்த்துக்கொண்டார்.

"எத்தன பேருக்கு எழுதுனாங்க?"

"பதினோரு பேரு மேடம். எண்ணிட்டேன்."

"எந்திரிச்சுப் போனது எத்தன பேரு?"

சின்னக்காளை யோசித்தார். "எழுதுனவங்கள மட்டுந்தான் மேடம் பாத்தேன்."

"அந்தப் பெரியவர் பேசும்போது அக்கா எங்க பாத்துட்டு இருந்தாங்க?"

இதற்கும் அவர் யோசிக்க வேண்டியிருந்தது. அவர் பெரியவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை மூடி மறுபடி அந்த இடத்தைப் பார்த்தார். சிவபாக்கியத்தின் கண் வட்டத்தின் மேல் இருந்தது. பிறகு வரிசையின் கடைசிக்குப் போனது. மறுபடியும் வட்டத்துக்கு வந்தது. மேசைக்கு அடியில் ஒரு கால் ஆடிக்கொண்டே இருந்தது.

"வட்டத்தப் பாத்தாங்க. கடைசியில நிக்கிறவங்களப் பாத்தாங்க," என்றார். பிறகு, "ஆனா காதால கேட்டாங்க மேடம்."

"கேக்காம? காத மூடிட்டா உக்கார முடியும்?"

குரு களைத்த குரலில் தொடர்ந்தார்.  

"பேகம்பூர்ல எங்க வீட்டுக்குக் குழா கிடையாதுண்ணே. எங்கம்மா ரெண்டு மணி நேரம் தெருக்குழாயில நிப்பாங்க. எந்த வீட்ல என்ன நடக்குதுன்னு எல்லாம் அவங்களுக்கு அத்துப்படி. யாருக்குப் பொண்ணு பாக்குறாங்க, யாரு வீட்ல அடுப்பு எரியல, எல்லாம் தெரியும். அப்புறம் வீட்டுக்கே கனெக்ஷன் குடுக்க வந்தாங்க."

"சரி மேடம்."

"வேணாம்மா, குழாயடிப் பேச்சு போயிரும்னு அன்னைக்கு யாராவது வந்து சொல்லியிருந்தா எங்கம்மா என்ன பண்ணிருப்பாங்க?"

சின்னக்காளை தலையைச் சொறிந்தார். "கொடத்தத் தூக்கி எறிஞ்சிருப்பாங்க."

"அப்ப அந்த ஸ்க்ரூவக் கழட்டுங்க."

கழற்றினார். பெட்டியின் பக்கவாட்டில் இருந்த காற்றுத் துளைகள் பாதி அடைத்துக் கிடந்தன. ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் பூசிய சந்தனமும் குங்குமமும் ஒன்றின் மேல் ஒன்றாகக் காய்ந்து பிளாஸ்டிக் மாதிரி ஆகியிருந்தன. சீடர் ஈரத்துணியில் ஊறவைத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தார். சந்தனத்தைச் சுரண்ட அவருக்குக் கை கொஞ்சம் தயங்கியது.

"சும்மா தேய்ங்கண்ணே. பொட்டு வைக்கணும்னா நெத்தியில வைக்கச் சொல்லுங்க. மூக்க அடைக்க வேணாம்."

பழைய ஹார்டு டிஸ்க் கையில் எடுத்தபோதே கரகரவென்றது. அதுதான் எல்லாரையும் நிறுத்தி வைத்தது. காசில் பெரும்பகுதி எஸ்.எஸ்.டி. என்கிற வேகமான புது டிஸ்க்குக்குப் போனது. அலமாரியில் செத்துக் கிடந்த ஒரு மெஷினிலிருந்து ரேம் ஒன்றை உருவி, அதன் பித்தளை நிற முனையைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினார்கள். அதற்குக் குரு காசு போடவில்லை. ப்ராசஸரை அவர் தொடவே இல்லை.

"ஃபார்மட் அடிச்சு எல்லாத்தையும் புதுசா ஏத்திரலாமா மேடம்?" என்றார் சீடர். அந்தத் தெருவில் எல்லாக் கடையிலும் அதுதான் வழக்கம்.

"அக்கா அடிக்கிறது பழைய தமிழ் எழுத்து. டைப்ரைட்டர்ல படிச்ச கை. புதுசு ஏத்துனா எழுத்தெல்லாம் எடம் மாறிரும். திங்கக்கிழம வரிசைய நிக்க வச்சுக்கிட்டு எழுத்தத் தேடச் சொல்றீங்களா?"

உள்ளே இருந்ததை இருந்தபடியே புது டிஸ்க்குக்கு மாற்றினார்கள். பழைய டிஸ்க் அடிக்கடி முரண்டு பிடித்ததால் மூன்று நாள் ஆனது. நடுவில் ஒரு தடவை எல்லாம் போய்விட்டது என்று சின்னக்காளை தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். குரு கேபிளை மாற்றிப் போட்டுவிட்டு மறுபடியும் ஆரம்பித்தார்.

அடுத்த திங்கட்கிழமை இருவருமே போனார்கள். சிவபாக்கியம் சுவிட்சைப் போட்டார். பழக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்தார். சாய்ந்த முதுகு நாற்காலியில் படுவதற்குள் திரை வந்து நின்றது. அவர் அதை நம்பாமல் பார்த்தார்.  கையை எடுத்துக் கீபோர்டில் வைத்தார்.

அதற்குப் பிறகு கை நிற்கவில்லை. ஒரு மணி நேரத்தில் ஒன்பது மனு. ரேஷன் கார்டு, சாக்கடை, தெருவிளக்கு. பேர், ஊர், கோரிக்கை. ஜெராக்ஸ்காரர் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போனார். டீக்கடைக்காரர் இன்னொரு பால் பாக்கெட்டை உடைத்தார். யாரும் வரிசையை விட்டுப் போகவில்லை.

சின்னக்காளைக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. பேர், ஊர், கோரிக்கை. பத்தடி தள்ளி இருந்த பையனும் இதைத்தான் கேட்டான். நல்லது என்று நினைத்து ஒரு நல்ல காரியத்தைக் கெடுத்துவிட்டோம் என்று அவருக்கு உண்மையிலேயே துக்கமாக இருந்தது. குருவைப் பார்த்தார். குரு தாழ்வாரத் தூணில் சாய்ந்து, கண்ணைப் பாதி மூடி நின்றிருந்தார்.

பத்தாவதாக ஒரு பெண் வந்து உட்கார்ந்தார். மடியில் துணிக்கடைப் பையைப் பிடித்திருந்தார்.

"பேரு?"

"முத்துப்பேச்சி."

"ஊரு?"

"கன்னிவாடி."

"என்ன கோரிக்க?"

அந்தப் பெண் வாயைத் திறந்தார். மூடினார். பையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "எம்மகன்," என்றார். அதற்கு மேல் வரவில்லை.

பின்னால் இருபது பேர் நின்றார்கள். திரையில் பேரும் ஊரும் இருந்தன. அடுத்த வரியில் சின்னக் கோடு ஒன்று விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது.

சிவபாக்கியம் கீபோர்டிலிருந்து கையை எடுத்தார். நாற்காலியைத் திரையிலிருந்து திருப்பி, அந்தப் பெண்ணுக்கு நேராகப் போட்டுக்கொண்டார். காலை மடித்து நாற்காலி மேல் வைத்தார்.

"மெதுவாச் சொல்லுங்க," என்றார்.

ஐந்து நிமிடம் போனது. எட்டு நிமிடம் போனது. அந்தப் பெண் அழுதார், நிறுத்தினார், சொன்னார். சிவபாக்கியம் ஒரு தடவைகூடத் திரையையோ வரிசையையோ திரும்பிப் பார்க்கவில்லை. நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு டீயை ஆற்றினார்கள்.

மில்லில் மெஷின் ஒரு நிமிடம் சும்மா நின்றாலும் மேஸ்திரியிடம் திட்டு வாங்கிப் பழகியவர் சின்னக்காளை. இவ்வளவு பாடுபட்டு வேகம் ஏற்றிய மெஷின் வெறுமனே மின்னிக்கொண்டிருப்பதை அவரால் பார்க்க முடியவில்லை. குருவின் பக்கம் குனிந்து மெல்லச் சொன்னார்.

"மேடம், மெஷின் சும்மா நிக்குது."

குரு கண்ணைத் திறக்கவில்லை.

"நிக்கட்டும்ண்ணே. ரெண்டு வருஷமா அக்கா இதுக்காகக் காத்துக் கெடந்தாங்க. இன்னைக்கு ஒரு பத்து நிமிஷம் இது அவங்களுக்காகக் காத்துக் கெடக்கட்டும்."