மேம்பாலத்தில் நின்ற கார்

கோவை நூல் ஆலை முதலாளி சென்னியப்பருக்குப் போன் சொல்வதே சட்டம். மேம்பாலத்துக்கு அடியில் போகும் சாலையில் டிரைவர் மயிலாத்தாள் முப்பதில் ஓட்டினாள்.

"போன் மேப்புல எண்பதுல போலாம்ங்குது. நீ ஊர்ந்துட்டிருக்கறே!"

"பலகைல முப்பதுன்னு போட்டிருக்குங்க."

"சேட்டிலைட்டை விடப் பலகை பெருசா? வண்டிய நிறுத்து. சாவியக் குடுத்துட்டு எறங்கு. இனி வேலைக்கு வராதே!"

நிறுத்தினாள், இறங்கவில்லை.

"எப்படிங்க எறங்கறது? உங்க போன்ல பாருங்க, கார் மேம்பாலத்து மேல நிக்குது. எண்பது அங்க போறதுக்குங்க. கால வெளிய வெச்சா நேராக் கீழதான் விழுவேன்."

முதலாளி போனைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே தூணில் சாய்ந்திருந்த இளநீர்க்காரர் அவரைப் பார்த்தார்.

"முப்பதுலயே போம்மா" என்றார் முதலாளி.

ஆலை வாசலில் கார்க் கதவைத் திறந்தவர், தரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டே காலை வைத்தார்.