முடிவுக் கொத்து

காட்டின் நடுவே ஒரு குளம். கரையில் ஒரு மருதமரம். அதன் உச்சியில் ஒரு மந்தி குடியிருந்தது. மரத்தடியில் பதினான்கு புள்ளிமான்கள் தினமும் தண்ணீர் குடிக்க வரும்.

சிறுத்தையைக் கண்டால் மந்தி "கக்! கக்!" என்று கத்தும். மான்கள் ஓடிவிடும். அவ்வளவுதான் ஏற்பாடு.

ஒருநாள் புதரில் சலசலப்பு கேட்டு மந்தி கத்தியது. மான்கள் விழுந்தடித்து ஓடின. கூட்டத்தின் தலைவனான கொம்புமானுக்குக் காலில் முள் தைத்தது. திரும்பிப் பார்த்தால், புதரிலிருந்து ஒரு காட்டுப்பன்றி வெளியே வந்தது!

"பன்றிக்கும் இதே கத்தல், சிறுத்தைக்கும் இதே கத்தலா? இது என்ன முறை?" என்று கொம்புமான் சீறியது.

பக்கத்துப் பட்டமரத்திலிருந்து மரங்கொத்தி எட்டிப் பார்த்தது. "இதற்கு முறை என்று பெயரா, அண்ணே? என்னிடம் விடுங்கள். ஒழுங்குபடுத்தித் தருகிறேன்!"

மறுநாளே புது ஏற்பாடு வந்தது. மந்தி கத்தக் கூடாது. கண்டதை அதே மரத்து அணிலிடம் சொல்ல வேண்டும். அணில் ஓடிப்போய் மரங்கொத்தியிடம் சொல்லும். மரங்கொத்தி பட்டமரத்தில் கொத்தும். பன்றிக்கு இரண்டு கொத்து, செந்நாய்க்கு மூன்று, சிறுத்தைக்கு நான்கு.

"எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரிய வேண்டாமா?" என்று ஒரு மான் கேட்டது. உடனே திசைக்கும் கொத்து சேர்ந்தது. கிழக்குக்கு ஒன்று, தெற்குக்கு இரண்டு, மேற்குக்கு மூன்று, வடக்குக்கு நான்கு.

"நீ எங்களுக்காகக் கொத்துகிறாயா, புழுவுக்காகக் கொத்துகிறாயா?" என்று இன்னொரு மான் கேட்டது. நியாயமான கேள்விதான். ஆகவே செய்திக்கு முன்னால் ஒரு தொடக்கக் கொத்தும், பின்னால் ஒரு முடிவுக் கொத்தும் வந்தன.

"முடிவுக் கொத்து விழும்வரை யாரும் அசையக் கூடாது!" என்று கொம்புமான் உத்தரவு போட்டது.

ஒரு தாய்மான் முன்னால் வந்தது. அதன் குட்டி பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை. "பயம் வந்தால் எனக்குக் கால் இருப்பதே மறந்துவிடும். எண்ணிக்கொண்டா நிற்பேன்?"

"பழகிக்கொள், அம்மா! எல்லாம் உன் நன்மைக்குத்தான்" என்றது மரங்கொத்தி.

"நானே கத்திவிட்டுப் போகிறேனே" என்றது மந்தி.

"கத்திப் பார்! அப்புறம் உன் பேச்சை ஒரு மானும் நம்பாது" என்றது கொம்புமான். மந்தி வாயை மூடிக்கொண்டது.

மான்கள் கஷ்டப்பட்டு மனப்பாடம் செய்தன. செய்து முடித்த அன்று மரங்கொத்தி பறந்து வந்தது.

"ஒரு சிறு மாற்றம்! இனிமேல் சிறுத்தைக்கு மூன்று, செந்நாய்க்கு நான்கு."

"எதற்கு மாற்றினாய்?"

"பழையது பழசாகிவிட்டதே!"

கோடை முற்றியது. ஒரு நண்பகலில் குருவிகளின் சத்தம் திடீரென்று நின்றது. காற்று இல்லை. ஆனால் தெற்கே கோரைப்புல் மெல்ல விலகியது. விலகிய இடத்தில் ஒரு மஞ்சள் முதுகு தெரிந்தது.

மந்தியின் வாய் தானாகத் திறந்தது. கையால் பொத்திக்கொண்டது. "அணிலே! சிறுத்தை! தெற்கே!"

அணில் ஓடியது. மரங்கொத்தி கேட்டது: "நிச்சயமாகத் தெரியுமா? மந்தியிடம் இன்னொரு முறை கேட்டு வா!"

அணில் திரும்பி ஓடியது. மந்தி மார்பில் அடித்துக்கொண்டது. "நிச்சயம், நிச்சயம்! போடா சீக்கிரம்!"

புல் இன்னும் கொஞ்சம் விலகியது.

டொக். மான்கள் தலையைத் தூக்கின.

டொக், டொக், டொக்.

"மூன்று... செந்நாயா?"

"அது பழைய கணக்கு!"

"அப்படியானால்..."

"பேசாதே, எண்ணிக்கை தப்புகிறது!"

எல்லா மான்களும் காதைத் தீட்டிக்கொண்டு எண்ணின. ஒன்றுகூட நகரவில்லை. தாய்மானின் வயிற்றுக்கடியில் நின்ற குட்டி மட்டும் எண்ணவில்லை. கோரையின் நடுவே அசையாத இரண்டு கண்களை அது பார்த்துவிட்டது. ஒரே துள்ளலில் மேட்டுப்பக்கம் பாய்ந்தது.

"ஐயோ, என் குட்டி!" தாய்மான் பின்னால் பாய்ந்தது. அதைக் கண்டு மற்றவையும் சிதறி ஓடின.

டொக், டொக்.

"நில்லுங்கள்!" கொம்புமான் இருந்த இடத்திலேயே நின்று கத்தியது. "யாரும் ஓடாதீர்கள்! முடிவுக் கொத்து இன்னும்..."

கோரைப்புல் ஒருமுறை பலமாக அசைந்தது. பிறகு அசையவில்லை.

டொக்.

மேட்டின் மேலே ஈச்சம்புதருக்குள் தாய்மான் குட்டியைக் கண்டுபிடித்தது. அதை நக்கிக்கொண்டே கேட்டது:

"வந்தது சிறுத்தை என்று உனக்கு எப்படித் தெரிந்தது, கண்ணே? கணக்கை எப்போது கற்றுக்கொண்டாய்?"

"எனக்கு எண்ணத் தெரியாதே, அம்மா. பயமாக இருந்தது. ஓடினேன்."

எண்ணிப் பார்த்தபோது மேட்டில் பதின்மூன்று மான்கள் இருந்தன. கீழே பட்டமரத்தில் மரங்கொத்தி அணிலிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது: "ஏழு கொத்து. ஒன்றுகூடத் தப்பவில்லை. நீயே கேட்டாய் அல்லவா?"

அணில் கோரைப்புல்லையே பார்த்துக்கொண்டிருந்தது.

காட்டு ஏற்பாடானாலும் கணினி ஏற்பாடானாலும், அவசரத்தில் உதவ வேண்டியதைத் தேவையில்லாமல் சிக்கலாக்கினால், அது பிழையில்லாமல் இயங்கினாலும் யாரையும் காப்பாற்றாது.