கடைசி மூலையில் ஒரு கிளிப்

"டீச்சர், இன்னிக்கு வர்றா!"

மேல்படிக்கு வந்து சேருவதற்கு முன்பே சென்னியப்பன் கத்திவிட்டார். கீழே சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர்கூட நிமிர்ந்து பார்த்தார். அறுபத்தைந்து வயசு ஆள், தோளில் ஒரு போர்வை மூட்டையைப் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி ஓடி வந்தால் யார்தான் பார்க்க மாட்டார்கள்?

மாடியில் நசீமாவின் தையல் வகுப்பு. நசீமாவுக்கு வயசு அவர் மகளை விட ரெண்டு கூட இருக்கும், அவ்வளவுதான். ஆனால் சேர்ந்த அன்றைக்கே அவர் அவளை 'டீச்சர்' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். காலமெல்லாம் பஸ் ஓட்டிய மனுஷன். மனைவி தவறிய பிறகு திருப்பூர் வீட்டில் தனியாள். மகள் மைதிலிக்குப் பெண் குழந்தை பிறந்த சேதி வந்ததும், "என் பேத்திக்கு என் கையால ஒரு பஞ்சுப் போர்வை" என்று கிளம்பி இங்கே வந்து சேர்ந்தவர்.

"மத்தியான வண்டிங்க. புனேல இருந்து. குழந்தையோட! ஓரப்பட்டி மட்டுந்தானுங்க பாக்கி. உக்காந்தா முடிஞ்சுரும்."

"மொதல்ல மூச்சு விடுங்கய்யா," என்றாள் நசீமா.

அவர் போர்வையை மேசையில் விரித்தார். மேலே பூப்போட்ட துண்டுத் துணிகள், அடியில் மெல்லிய மல்துணி, நடுவில் பஞ்சு. சுற்றிலும் அரக்குச் சிவப்பில் பட்டுப் பட்டி. அந்தப் பட்டு மைதிலி சின்னப் பிள்ளையில் கட்டிய பாவாடை. பட்டியின் ஒரு விளிம்பை முன்பக்கம் ஏற்கெனவே தைத்தாகிவிட்டது. இனி அதைப் பின்பக்கம் மடக்கி, தைத்துவிட்டால் போர்வை தயார்.

ஒரு பக்கத்தை வீட்டிலேயே மடக்கி வந்திருந்தார். நெடுக குண்டூசி. பலாப்பழம் தோற்றது.

நசீமா அதைப் பார்த்தாள். ஒரு டப்பாவை அவர் பக்கம் தள்ளினாள். உள்ளே குட்டிக் குட்டிப் பிளாஸ்டிக் கிளிப்புகள், பச்சையும் மஞ்சளுமாக.

"இது எதுக்குங்க டீச்சர்?"

"பட்டியப் புடிக்க."

"இதா? கொடில துணி காயப்போடற சமாச்சாரமுங்க இது. சும்மா மேலாப்புல கவ்விட்டு நிக்கும். இழுத்தா கையோட வந்துரும்." ஒரு குண்டூசியைத் தட்டிக் காட்டினார். "இவன் பாருங்க. மூணு அடுக்கையும் தாண்டி உள்ள போய்ப் புடிச்சிருக்கான். எங்கியும் நகர முடியாது. புடிச்சா இப்படிப் புடிக்கணுமுங்க."

அடுத்த மெஷினில் இருந்த சுகந்தி சிரித்தாள். "என்னுங்க ஐயா, இந்தப் போடு போடறீங்க. புடிக்கறது போர்வையையா, ஆளையா?"

"ஆளையுந்தான்!" என்றார் சென்னியப்பன். மனசில் இருந்தது பொங்கி வெளியே வந்துவிட்டது. "இந்தத் தடவ அவள விடப் போறதில்லீங்க டீச்சர். போர்வையக் குழந்தை மேல போத்தி விட்டுட்டுச் சொல்லிருவேன். இது இந்த வீட்டுப் போர்வை. இங்க இருந்தாத்தான் உம் பிள்ளைக்கு. ஊருக்குத் தூக்கிட்டுப் போறதெல்லாம் கிடையாதுன்னு. வேற யாரு பாவாடைன்னாலும் பரவால்ல, அவ கட்டுன பாவாடை! மனசு கேக்குமா? வாரத்துக்கு ஒருக்கா ஓடி வந்தாகணும்."

"புனேல இருந்துங்களா?" என்றாள் சுகந்தி.

"மாத்தல் வாங்கிட்டு வரட்டும்!"

நசீமா நாற்காலியை அவருக்கு இழுத்துப் போட்டாள்.

"கிளிப் நல்லதா குண்டூசி நல்லதான்னு என்னைக் கேக்காதீங்க. ஒரு பக்கம் உங்க ஊசி. அடுத்த பக்கம் இந்தக் கிளிப். ரெண்டையும் நீங்களே தைங்க."

போட்டி என்றால் அவருக்குக் கேட்கவா வேண்டும்! செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். மெஷின் கிளம்பியது. ஒரு ஊசி பக்கத்தில் வரும், நிறுத்துவார், உருவுவார், வாயில் கவ்வுவார், மறுபடி ஓட்டுவார். கொஞ்ச தூரம் போனதும் பொறுமை போய்விட்டது. ஊருக்குள் எத்தனை வேகத்தடை ஏறி இறங்கியவர் அவர். குண்டூசி மேலேயே விட்டார். ஒன்று போனது. இன்னொன்றும் போனது. சென்னியப்பன் திரும்பி சுகந்தியைப் பார்த்து மீசையை முறுக்கினார்.

டக்!

மெஷின் ஊசி உடைந்து சுவரில் பட்டுத் தெறித்தது. அதன் அடியில் இருந்த குண்டூசியைக் காணோம்.

"எங்க போச்சு?"

மேசையில் இல்லை. தரையில் இல்லை. மெஷினுக்குள் இல்லை. சுகந்தி காந்தத்தை எடுத்து வந்து தரையெல்லாம் தடவினாள். என்னென்னவோ ஒட்டியது, அந்தக் குண்டூசி மட்டும் ஒட்டவில்லை.

சென்னியப்பன் போர்வையைக் கையால் அழுத்திப் பார்த்தார். மெத்மெத்தென்று இருந்தது. எங்கேயும் எதுவும் தட்டுப்படவில்லை.

"உள்ள இருக்காதுங்க," என்றார்.

"அப்போ சரி," என்றாள் நசீமா. "அப்படியே குழந்தையப் படுக்க வச்சிரலாமுங்களா?"

அவருக்கு முகம் செத்துப்போனது. கத்திரியை எடுத்தார். தான் தைத்த தையலை, நூல் நூலாக, தானே பிரித்தார். "கடவுளே, கடவுளே" என்று வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. பட்டியின் மடிப்புக்குள், பஞ்சோடு பஞ்சாக, வளைந்து கிடந்தது அந்தக் குண்டூசி. எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பேத்தியின் கன்னம் படும் இடம் அது. சுகந்தி தண்ணீர் கொண்டு வந்தாள்.

நசீமா மற்ற ஊசிகளையும் உருவிவிட்டு, அந்தப் பட்டியை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

சிவப்புப் பட்டில் வரிசையாகப் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் தெரிந்தது.

சென்னியப்பன் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். போகவில்லை. இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி ஓட்டினார். அப்போதும் போகவில்லை.

"ஊசியத்தான் எடுத்தாச்சே டீச்சர்? இன்னும் ஏனுங்க தெரியுது?"

"நூல்துணின்னா நனைச்சா மூடிக்குமுங்க. இது பட்டு."

அவர் அந்தப் பொட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மைதிலி வாரம் தவறாமல் போன் பண்ணுவாள். "நல்லா இருக்கீங்களாப்பா" என்பாள். "என் ஞாபகமெல்லாம் கூட வருதா உனக்கு?" என்பார் இவர். விளையாட்டுக்குச் சொன்னது என்று பிறகு சமாளிப்பார். "பெத்தவன் செத்தாலாவது லீவு குடுப்பாங்களா?" என்று ஒரு தீபாவளிக்குக் கேட்டார். அதற்குப் பிறகு அவள் ஊர்ப்பக்கமே வரவில்லை, பிரசவம்கூடப் புனேயில்தான். போன் மட்டும் நிற்காமல் வந்தது, பேச்சுதான் குறைந்துகொண்டே போனது. இத்தனைக்கும் எல்லாம் அவள் மேல் உள்ள ஆசையில் சொன்னது. நினைக்க நினைக்க அவருக்கு அழுகை வரும்போல் இருந்தது.

"கிளிப்பக் குடுங்க டீச்சர்," என்றார்.

நசீமா மெஷினில் புது ஊசி மாட்டிக் கொடுத்தாள். அடுத்த பக்கம். பட்டியை மடக்கினார், கிளிப்பைப் போட்டார். மடக்கினார், போட்டார். பஞ்சு மேடு தட்டவில்லை, பட்டி கோணவில்லை. மெஷின் ஓட ஓட, கிட்டே வந்த கிளிப்பை விரலால் லேசாக அமுக்கினால் தானே கழன்று மடியில் விழுந்தது. தையல் நேர்க்கோடாக ஓடியது.

"அட! அட அடா!" சென்னியப்பனுக்குப் பழைய குரல் திரும்பிவிட்டது. "சுகந்தி, இங்க பாரு கண்ணு! வெண்ணெயாட்டப் போகுது! இத்தன நாளா இது தெரியாம இருந்தனே, என்ன சொல்றது போ!"

ஓட்டை விழுந்த பக்கத்தையும் கிளிப் போட்டுத் தைத்தார். மூன்றாவது பக்கம் முடிந்தது. நாலாவது பக்கத்தில் பாதி தாண்டும்போது போன் அடித்தது.

"அப்பா, வீடு பூட்டியிருக்கு! எங்க இருக்கீங்க? உங்கள அசத்தலாம்னு முந்துன வண்டிலயே வந்துட்டேன்!"

சென்னியப்பன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "வந்துட்டியா? குழந்தை? அங்கியே இரு... வேண்டாம், இங்க வா! சைக்கிள் கடை மாடி! ஆட்டோக்காரங்கிட்டக் குடு, நான் வழி சொல்றேன்! மெதுவா ஓட்டச் சொல்லு சாமி, குழந்தை இருக்குது!"

அப்புறம் அந்த அறையில் யாருக்கும் நிலைகொள்ளவில்லை. சுகந்தி பெருக்கினாள். காந்தத்தை இன்னொரு தடவை ஓட்டினாள். சென்னியப்பன் ஜன்னலுக்கும் மெஷினுக்குமாக நடந்தார். "உக்காந்து தைங்கய்யா" என்று நசீமா சொல்ல, உட்கார்ந்தார், எழுந்தார், உட்கார்ந்தார். கடைசி மூலை மட்டும் பாக்கி. அதை மடக்கி, ஒரு மஞ்சள் கிளிப்பைப் போட்டு நிறுத்தியபோது படியில் காலடி கேட்டது.

மைதிலி வந்தாள். வண்டிக் களைப்பு, கலைந்த தலை, நெஞ்சோடு ஒரு துணிப்பொதி. அதிலிருந்து ஒரு குட்டிக் கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"தாத்தா எங்க? தாத்தா பாரு!"

சென்னியப்பன் குழந்தையை வாங்கினார். ஏதேதோ சொல்ல வைத்திருந்தார், எல்லாம் மறந்துவிட்டது. அழுதார், சிரித்தார், மூக்கைத் துடைத்துக்கொண்டார். குழந்தை அவர் மீசையைப் பிடித்து இழுத்தது. சுகந்தி கைதட்டினாள்.

மைதிலி போர்வையைப் பார்த்துவிட்டாள்.

"அப்பா... இது என் பாவாடை."

"ஆமா சாமி."

"நீங்களா தைச்சீங்க?"

"நானேதான்."

அவள் பட்டியில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தாள். ஒரு பக்கத்தில் விரல் நின்றது. "இது என்னப்பா, வரிசையா ஓட்டை?"

சென்னியப்பன் நசீமாவைப் பார்த்தார். அவள் பாபினில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அது உங்கப்பன் பண்ணுன வேலை," என்றார். "கிளிப் போட்டிருக்கணும். தெரியாமப் போச்சு, சாமி."

மைதிலி அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு அந்த இடத்தை உள்ளங்கையால் நீவிவிட்டாள். "பரவால்லப்பா. ரொம்ப அழகா இருக்கு."

குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டு, மிச்சம் இருந்த மூலையைத் தைக்க அவர் மெஷினில் உட்கார்ந்தார். மைதிலி பக்கத்தில் வந்து நின்றாள். கொஞ்ச நேரம் தையலையே பார்த்துக்கொண்டிருந்தவள், தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அப்பா, ஞாயித்துக்கிழமை போகும்போது இத எடுத்துட்டுப் போகட்டுமா?"

மெஷின் நின்றது.

சுகந்தி கத்திரியைக் கையில் பிடித்தபடியே திரும்பிப் பார்த்தாள். காலையில் அவர் போட்ட திட்டம் மொத்தமும் இந்த ஒரு கேள்விக்காகத்தான். வார்த்தை தயாராக, நாக்கு நுனியில் இருந்தது. இது இந்த வீட்டுப் போர்வை.

ஊசிக்கு நேர் முன்னால் அந்த மஞ்சள் கிளிப் மூலையைக் கவ்விக்கொண்டிருந்தது. அதன் மேல் அவர் விரல் இருந்தது.

"டீச்சர்," என்றார். "இத எடுத்துட்டா... விட்டுப் போயிராதுங்களா?"

நசீமா எழுந்து வந்து, மூலையைக் குனிந்து பார்த்தாள்.

"தையல் இது வரைக்கும் வந்தாச்சுங்களேய்யா," என்றாள். "இனி கிளிப் அங்கியே நின்னா, உடையறது ஊசிதானுங்க."

சென்னியப்பன் கிளிப்பை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு மூலையைத் தைத்து முடித்தார். நூலை நறுக்கினார். போர்வையை நாலாக மடித்து, மகளின் ஊர்ப்பையைத் திறந்து, குழந்தைத் துணிகளுக்கு மேலே, எடுக்கக் கைக்கு வாகாக வைத்தார்.