பல்லக்கில் போன இளவரசன்

கொற்றங்காடு என்றொரு நாடு. அதற்கு கஜதுங்கர் என்றொரு ராஜா. ராஜாவுக்கு வீரம் என்றால் கொள்ளை ஆசை; சண்டை என்றால் மட்டும் கொஞ்சம் பயம். அதனால் தன் பங்கு வீரத்தையும் சேர்த்து மகன் தலையில் கட்டிவிடத் தீர்மானித்தார். மகன் நம்பிக்கு அப்போதுதான் முதல் பால்பல் ஆடத் தொடங்கியிருந்தது.

"வருகிற விஜயதசமிக்கு நம்பி வச்சிரபுஜர் சிலம்பக்கூடத்தில் சேர்கிறான்" என்றார் ராஜா.

ராணி செண்பகநாச்சி மகனை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வச்சிரபுஜரை யாருக்குத்தான் தெரியாது? மார்பு நிறையப் பதக்கங்கள். அவர் நடந்தால் பாத்திரக்கடை எழுந்து நடப்பதுபோல் சத்தம். அவருடைய கூடத்துக்கு யானை நுழையும் அளவு கதவு. ஆனால் பெற்றவர்கள் நுழையக் கூடாது. காலையில் மூடினால் மாலையில்தான் திறக்கும். உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால், "ரகசியக் கலை, அம்மணி. தாய் பார்த்தால் பிள்ளைக்கு வீரம் ஏறாது" என்பார்.

"ஏறாவிட்டால் போகிறது! பிள்ளைக்குத் தாகம் எடுத்தால்? எவனாவது அடித்தால்? அது யாரிடம் போய்ச் சொல்லும்?" என்றாள் ராணி.

"எல்லா அம்மாக்களும் இப்படித்தான் பயப்படுவார்கள்" என்று ராஜா வெற்றிலையை மடித்தார்.

எல்லா அம்மாக்களும் பயப்படுகிறார்கள் என்றால், பயப்பட ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்? இதை ராணி வாய்விட்டுச் சொல்லவில்லை. அரண்மனை விகடகவி அம்பலக்கூத்தனுக்கு ஆள் அனுப்பினாள்.

கூத்தன் வந்து ராஜாவிடம் வாதாடிப் பார்த்தான். ராஜாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"அந்தக் கூடம் சரியில்லை என்று நிரூபி, பார்க்கலாம். ஆனால் நீ உள்ளே போகக் கூடாது. ஒற்றனை அனுப்பக் கூடாது. சுவரேறி எட்டிப் பார்க்கக் கூடாது. ஆசானுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்."

"ஆக, வேவு பார்க்க மனிதர் யாரும் போகக் கூடாது. அவ்வளவுதானே, மகாராஜா?"

"அவ்வளவுதான்."

விஜயதசமி வந்தது. மேளம் கொட்டியது. ராஜா கண் கலங்கி, பட்டுத்திரை போட்ட பல்லக்கின் மேல் அட்சதை தூவினார். பல்லக்குத் தூக்கிகள் ஆசானின் முற்றத்தில் அதை இறக்கிவைத்துவிட்டு வெளியே வந்தார்கள். கதவு மூடியது.

அந்நேரம் நம்பி அம்மாவின் கட்டிலடியில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தான். பல்லக்கில் போனது, பட்டுச் சட்டையும் சின்னக் கிரீடமும் போட்ட ஒரு வெண்பூசணிக்காய்.

"இன்றைக்கே திரையைத் திறந்து பார்த்துவிடுவார், கூத்தரே. நாம் மாட்டிக்கொள்வோம்" என்று ராணி கையைப் பிசைந்தாள்.

"திறந்து பார்த்தால் அவர் நல்ல ஆசான், தாயே. சந்தோஷமாகப் பிள்ளையை அனுப்பலாம்."

மாலையில் பல்லக்கு திரும்பியது. கிரீடம்கூடச் சரியவில்லை. மறுநாளும் போனது, வந்தது. தினமும் போனது, வந்தது. ராத்திரி சாப்பாட்டின்போது ராஜா, "இன்றைக்கு என்னடா கற்றாய்?" என்று மகனைக் கேட்பார். "சும்மா உட்கார்ந்திருந்தேன்" என்பான் நம்பி. "அடடா, என்ன அடக்கம்!" என்று ராஜா பூரித்துப்போவார்.

ஆசான் வெள்ளிதோறும் வந்து புகழ்மாலை பாடினார்.

"இளவரசர் ஆசனமிட்டு அமர்ந்தால் மலைதான், மகாராஜா! முகத்தில் பயம் மருந்துக்கும் கிடையாது. நேற்று பிரம்பால் நாலு வைத்தேன். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவேண்டுமே!"

ராணி தூண் மறைவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நிஜமாகவே அடித்தாரோ, வாய்க்கு வந்ததைச் சொன்னாரோ, அது அவருக்கே வெளிச்சம். ஆனால் பல்லக்கில் நம்பி போயிருந்தால்? அன்றிரவு அவள் பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டே படுத்திருந்தாள்.

ஒரே மாதத்தில் இளவரசருக்கு 'ரணசிங்கம்' பட்டம் என்று அறிவித்தார் ஆசான். சபை கூடியது. பல்லக்கு நடுவில் வந்து இறங்கியது. ஆசான் தட்டில் இருந்த பதக்கத்தை எடுத்து, திரையின் மேலேயே குத்தப் போனார்.

"திரைக்கா பட்டம்? கழுத்தில் போடுங்கள், ஆசானே" என்றான் கூத்தன்.

ஆசான் திரையை விலக்கினார்.

உள்ளே கிரீடத்தோடு பூசணிக்காய். ராஜா பூசணிக்காயைப் பார்த்தார். ஆசானைப் பார்த்தார். மறுபடி பூசணிக்காயைப் பார்த்தார். "என் பிள்ளை எங்கே?" என்று அலறினார்.

"இதோப்பா" என்று ராணியின் முந்தானைக்குள்ளிருந்து நம்பி எட்டிப் பார்த்தான்.

"மனிதர் யாரையும் அனுப்பவில்லை, மகாராஜா" என்று கூத்தன் கைகட்டி நின்றான்.

அதற்குள் வாசலில் ஒரே களேபரம். காவலர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு கையில் கம்போடு ஒரு பெண் உள்ளே வந்தாள். வண்ணார்துறையில் வேலி மட்டும் போட்ட பொட்டலில் சிலம்பம் சொல்லித்தரும் மாடத்தி. அங்கே தாய்மார்கள் ஓரமாக உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"யாருய்யா இங்க பெரிய மனுசன்? காலையில பல்லக்கு வந்துச்சு. இளவரசன் பாடம் படிக்க வந்திருக்கான்னு சொன்னாங்க. புள்ளை சாப்பிட்டுச்சான்னு கேக்கத் திரையைத் தூக்குனா, உள்ள பூசணிக்காய்! புள்ளைய எங்கய்யா தொலைச்சீங்க? வழியெல்லாம் தேடிக்கிட்டு வரேன்!"

"அங்கேயும் ஒன்று அனுப்பிவைத்தேன்" என்றான் கூத்தன் மெதுவாக.

ராணி ஆசனத்தை விட்டு இறங்கி வந்தாள். நம்பியின் கையை எடுத்து மாடத்தியின் கையில் வைத்தாள். மாடத்தி குனிந்து, "பல்லு ஆடுதா ராசா? அது விழுற வரைக்கும் கம்பு வேண்டாம். ஓடிப் புடிச்சு விளையாடுவோம்" என்றாள். பிறகு ராணியிடம், "நீங்களும் வாங்கம்மா. கீரை நெறைய கிடக்கு" என்றாள்.

ராஜா தொண்டையைச் செருமினார். "உன்னிடம் வந்த பூசணிக்காய் என்ன ஆயிற்று?"

"புள்ளைங்களுக்குப் பசிச்சுது சாமி. மோர்க்குழம்பு வைக்கச் சொல்லிட்டுத்தான் ஓடி வந்தேன்."

ராஜா வச்சிரபுஜர் பக்கம் திரும்பினார். "ஆசானே, நீர் சொல்ல ஏதாவது இருக்கிறதா?"

ஆசான் பூசணிக்காயைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பதக்கங்கள் குலுங்க நெஞ்சை நிமிர்த்தினார்.

"இருக்கிறது, மகாராஜா. என்னிடம் வந்து சேர்ந்தபோது இது வெறும் பிஞ்சு. இவ்வளவு பெரிதாக வளர்த்துவிட்டது யார்?"

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று உருண்டது. கூத்தனுக்கு முத்துமாலை கிடைத்தது. ஆசானுக்கு அவருடைய மாணவன் கிடைத்தான்.