ஏட்டய்யாவின் சந்தேகம்

“உள்ள வச்சு அவன்ட்ட என்னம்மா சொல்லுதீங்க?”

பூவலிங்கம் உட்காரக்கூட இல்லை. ஓய்வுபெற்ற ஏட்டு. இரண்டு வருடமாக நாச்சியாரம்மாவின் சீடர். குருவைவிடப் பதினைந்து வயது மூத்தவர். காக்கியைக் கழற்றியவர் சந்தேகத்தை மட்டும் கழற்றவில்லை.

மகன் இசக்கிராஜை ஆசிரமத்துக்கு அழைத்து வந்ததே அவர்தான். இனி குடித்தால் உயிர் தங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நாலு வாரமாக, வியாழன்தோறும், அம்மா அவனைத் தனியாக உட்காரவைத்துப் பேசுகிறார். கதவு சாத்தியிருக்கும்.

பத்து நாளாக அவன் குடிக்கவில்லை. அதுதான் ஏட்டுக்கு உறுத்தியது.

“நான் ஒண்ணும் சொல்லல, ஏட்டய்யா. அவன்தான் பேசுதான்.”

“முப்பது வருஷம் ஸ்டேஷன்ல இருந்தவன் நான். அடிக்காம எவனும் பேச மாட்டான்.”

“நீங்க அடிச்சீங்களோ?”

“பெல்ட்டாலயே அடிச்சேன். கோயில்ல சூடத்தை அடிச்சு சத்தியம் பண்ண வச்சேன். அன்னைக்கு சாயங்காலமே குடிச்சான். நீங்க ஏதோ மருந்து குடுக்கீங்க.”

மகன் குடித்து வைத்த டம்ளரை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். ஒரு வாய் குடித்தும் பார்த்தார். வெறும் தண்ணீர். மனிதருக்கு ஏமாற்றமாகிவிட்டது.

“அவன் குடியை விட்டுருவான்னு உங்களுக்கு எவ்வளவு நம்பிக்கை? பத்துக்கு எத்தனை?” என்று அம்மா கேட்டார்.

“ரெண்டு.”

ஏன் இவ்வளவு குறைச்சல் என்று அம்மா கேட்பார், கேட்கட்டும். மகன் மீதான குற்றப்பத்திரிகை முழுதும் ஏட்டுக்கு மனப்பாடம்.

“ஏன் பூஜ்யம் இல்ல?”

ஏட்டுக்கு இதில் ஏதோ சூழ்ச்சி இருக்கிறது என்று தோன்றியது.



“நேத்து பேத்தி நோட்டுக்கு அட்டை போட்டான்,” என்றார் ஏட்டு. “கை நடுக்கம். மூணு தடவை கிழிஞ்சுது. விடாம இருந்து போட்டுட்டான்.”

“அப்புறம்?”

“ஒயின்ஷாப் தெருவை விட்டுட்டு ஊரைச் சுத்திப் போறான். பின்னாலயே போய்ப் பார்த்தேன்.”

மகன் பக்கம் நின்று சாட்சி சொல்வது தன் வாய்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

“இதை அவன்ட்ட சொன்னீங்களா?”

“எதுக்கு? தலைக்கு மேல ஏறிருவான்.”

அம்மா எழுந்து கதவைத் திறந்தார்.

வாசலில் உட்கார்ந்திருந்த இசக்கிராஜ் அப்பாவைக் கண்டதும் எழுந்தான். கிட்டே வந்து, தினமும் வீட்டில் செய்வதுபோல், அவர் மூக்குக்கு நேரே வாயைத் திறந்து ஊதிக் காட்டினான்.

ஏட்டுக்குத் தாங்கவில்லை.

“வாயை மூடுலே,” என்றார். “அட்டை நல்லாப் போட்டிருந்த.”