இருவாச்சி தன்னை அடைத்துக்கொண்டது ஏன்

அந்தக் காலத்தில், பறவையும் விலங்கும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்தபோது, மேற்கு மலைக் காட்டில் வைத்தியர்களுக்கென்று ஓர் அவை இருந்தது. யார் வைத்தியம் பார்க்கலாம், யார் பார்க்கக்கூடாது என்பதை அந்த அவைதான் சொல்லும். மருந்து தெரியாமல் கொடுத்து ஓர் உயிரைப் போக்கியவர் எவரானாலும், ஏழு உறுப்பினர்களும் கூடி விசாரித்து, அவர் பெயரை ஏட்டிலிருந்து அடித்துவிடுவார்கள். பிறகு அவர் கையால் ஒரு பச்சிலைகூட யாரும் வாங்கமாட்டார்கள்.

மூன்று ஆண்டுக்கு ஒரு முறை அந்த ஏழு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். ஏட்டில் பெயர் உள்ள வைத்தியருக்கு மட்டும் ஓட்டு. தலைக்கு ஒரு பலா இலை. இலையின் ஒரு பக்கம் தன் குறியையும், மறுபக்கம் தனக்குப் பிடித்தவரின் குறியையும் கீறி, பெரிய குங்கிலிய மரத்தின் பொந்துக்குள் போடவேண்டும். ஒருவருக்காக இன்னொருவர் போடக்கூடாது. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்தெல்லாம் வைத்தியர்கள் நடந்து வரவேண்டும் என்பதால் ஒரு மாதம் தவணை. பொந்தைக் காக்கும் வேலையை வைத்தியம் பார்க்காத ஒருவரிடம்தான் கொடுப்பார்கள். அந்த ஆண்டு அது தேனம்மை என்ற இருவாச்சியிடம் வந்தது. அவளுடைய கணவன் கூத்தனுக்கு அதில் ஏகப் பெருமை.

இருவாச்சிகள் அப்போது மற்றப் பறவைகளைப் போலக் கிளையில் கூடு கட்டி, நினைத்த இடத்துக்குப் பறந்து திரிந்தன. கூத்தன் தினமும் உச்சி வேளையில் வந்து, "வா, ஓடையோரத்து ஆலமரம் பழுத்திருக்கு. ரெண்டு பழம் தின்னுட்டு வந்திடலாம்" என்று கூப்பிடுவான். தேனம்மை முதலில் தயங்குவாள். பிறகு போவாள். பசி யாரை விட்டது?

எண்ணும் நாள் வந்தது. அவையின் தலைவர் கருமந்தி ஓதியப்பர் பொந்துக்குள் கையை விட்டு இலைகளை எடுத்து எடுத்து வைத்தார். ஏட்டில் இருந்த பெயர் நாற்பத்து மூன்று. இலைகள் நாற்பத்து மூன்றைத் தாண்டின. ஐம்பதைத் தாண்டின. அறுபத்து ஒன்றில் போய் நின்றன.

ஓதியப்பர் ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தார்.

"இது பேச்சியோட குளம்புக் குறி" என்றார்.

மான் இனத்துக் கேளையாட்டு வைத்தியச்சி பேச்சி ஆடி மாதமே இறந்துபோனவள். அவளைப் புதைத்தபோது கூத்தனும் அங்கே இருந்தான். மண் தள்ளியதைக் கண்ணால் பார்த்தவன். மண்ணுக்குள் கிடப்பவள் எப்படி வந்து இலை போட்டாள்?

பேச்சியின் இலை, அவைக்குப் போட்டியிட்ட மரநாய் வைத்தியன் சடையனுக்கு விழுந்திருந்தது. இன்னும் இருபது இலைகளும் அவனுக்கே. பலவற்றில் ஏற்கெனவே இலை போட்டவர்களின் குறியே மறுபடியும் இருந்தது. எட்டிக்காயை இடித்துக் கொடுத்து மூன்று மான்குட்டிகளைச் சாகவிட்டவன் என்று சடையன் மேல் ஒரு புகார் இருந்தது. புதிய அவைதான் அதை விசாரிக்கவேண்டும். அவனே அந்த அவையில் உட்கார்ந்துவிட்டால் யார் யாரை விசாரிப்பது?

சடையன் பதறவில்லை. "இலை கூடிப்போச்சுன்னா என்னை ஏன் பார்க்கிறீங்க? காவல் இருந்தது தேனம்மை. அவளைக் கேளுங்க" என்றான்.

எல்லாத் தலையும் தேனம்மை பக்கம் திரும்பியது.

"நீ ஒரு நாளாவது பொந்தை விட்டு நகர்ந்தியாம்மா?" என்று ஓதியப்பர் கேட்டார்.

"தினமும் நகர்ந்தேன்" என்றாள் அவள். "உச்சி வேளையிலே பழம் தின்னப் போனேன். தப்பு என்னோடதுதான்."

கூப்பிட்டது நான்தான் என்று சொல்லக் கூத்தன் வாயெடுத்தான். பிறகு கூட்டத்துக்குப் பின்னால் நகர்ந்துகொண்டான். அந்த வெட்கம் அவனை நெடுநாள் அரித்தது.

தேர்தல் செல்லாது என்று ஓதியப்பர் அறிவித்தார். இறந்தவர்கள் மூன்று பேரை நீக்கி ஏட்டைப் புதிதாக எழுதினார்கள். நாற்பது பெயர் நின்றது. மலையெங்கும் மறுபடி ஆள் அனுப்பித் தெரிவிக்கவேண்டும் என்பதால் இந்த முறை தையில் தொடங்கிச் சித்திரை வரை தவணை. ஆனால் காவலுக்கு யார்? எவர் பெயரைச் சொன்னாலும் இன்னொருவர் சந்தேகப்பட்டார். பொழுது சாயும்வரை இதே பேச்சு.

அப்போதுதான் தேனம்மை சொன்னாள்: "நானே இருக்கிறேன். வெளியே இல்லை, பொந்துக்குள்ளே. வாசலை அடைச்சுக்கிறேன். ஓர் இலை நுழையற அளவுக்கு மட்டும் பிளவு இருக்கட்டும்."

யாரும் மறுப்பதற்குள் அவள் அலகு கொள்ளச் சேறு அள்ளிக்கொண்டு பொந்துக்குள் நுழைந்துவிட்டாள். சேறும் பழச்சக்கையும் தன் எச்சமும் குழைத்து, அலகாலேயே உள்ளிருந்து பூசத் தொடங்கினாள். கூத்தன் மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். விளையாட்டு என்றே நினைத்தான். மூன்றாம் நாள் சுவர் காய்ந்து இறுகியபோதுதான் அவனுக்கு உறைத்தது.

"மூணு மாசம் உள்ளே என்ன தின்பே?" என்று கேட்டான்.

"நீங்க கொண்டு வர்றதை."

"நான் வராமப் போனா?"

பதிலாக ஓர் அலகு நுனி பிளவு வழியே நீண்டது.

சடையனுக்கு அதுவும் போதவில்லை. "யாரும் பார்க்காதபோது சுவரை உடைச்சு வெளியே போய், திரும்ப வந்து பூசிக்கிட்டா யாருக்குத் தெரியும்? அவளுக்குத்தான் றெக்கை இருக்கே" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். அந்தப் பேச்சு பொந்துக்குள்ளும் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் காலையில் கூத்தன் பழங்களோடு வந்தபோது மரத்தடியில் வைத்தியர்கள் கூடி நின்றார்கள். பிளவு வழியாக ஓர் இறகு வெளியே வந்து விழுந்தது. நீளமான சிறகு இறகு. அடிக்காம்பில் ரத்தம். பின்னால் இன்னொன்று. பிறகு வால் இறகுகள், ஒன்றன்பின் ஒன்றாக.

கூத்தனின் தொண்டையிலிருந்த பழங்கள் மண்ணில் சிதறின. "தேனம்மை, நிறுத்து" என்றான். அது கூவலாகக்கூட இல்லை, முனகலாக வந்தது.

"இனிமே நானே நினைச்சாலும் பறக்க முடியாது" என்றது உள்ளிருந்த குரல். "இப்போ யாருக்கும் சந்தேகம் இருக்காதுல்ல?"

ஓதியப்பர் தலையைக் குனிந்துகொண்டார். சடையன் மெல்ல நழுவிவிட்டான்.

அதற்குப் பிறகு கூத்தனுக்கு வேறு வாழ்க்கை இல்லாமல் போயிற்று. விடிந்தால் பழம் தேடப் போவான். தொண்டையில் அடக்கிக்கொண்டு வந்து பிளவில் நீளும் அலகு நுனியில் ஒவ்வொன்றாக வைப்பான். மனைவி என்று அவன் கண்டது அந்த நுனியை மட்டும்தான். ஒருமுறை மாசிக் காற்றில் கிளை முறிந்து அவன் தோளில் விழ, இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. மூன்றாம் நாள் தத்தித் தத்தி வந்தபோது, அவைக்குப் போட்டியிட்ட மலையணில் பொந்து வாசலில் கை நிறையப் பழத்தோடு கெஞ்சிக்கொண்டிருந்தது.

"நீ செத்துப்போவேம்மா, வாங்கிக்கோ."

"போட்டியிடறவங்க கையாலே வாங்கமாட்டேன்" என்றாள் தேனம்மை. குரல் நூலாக இளைத்திருந்தது. கூத்தன் தான் கொண்டுவந்த பழத்தை அழுதுகொண்டே ஊட்டினான்.

பங்குனி பாதியில் ஓர் உச்சி வேளை. பழங்களோடு பறந்து வந்த கூத்தன் கிளை நுனியிலேயே திகைத்து நின்றான். பொந்து வாசலில் சடையன் தொங்கிக்கொண்டிருந்தான். முன்கால் பிளவுக்குள் சிக்கியிருந்தது. அதை உள்ளிருந்து ஓர் அலகு கவ்விப் பிடித்திருந்தது. கீழே இலைக்கட்டு அவிழ்ந்து கிடந்தது. கூத்தன் கீழே இறங்கி, கட்டில் மேலாகக் கிடந்த இலையைப் புரட்டினான். பேச்சியின் குளம்புக் குறி, அச்சு அசலாக. அடுத்ததில் ஐப்பசியில் செத்த உடும்பு வைத்தியரின் நகக் குறி.

கூத்தன் போட்ட கூச்சலில் காடே கூடிவிட்டது. ஓதியப்பர் வந்து இலைகளைக் கண்ணால் பார்த்த பிறகுதான் தேனம்மை பிடியை விட்டாள். சடையன் போட்டியிலிருந்து நீக்கப்பட்டான்.

"அதான் திருடன் அகப்பட்டாச்சே, வெளியே வந்துடு" என்று கூத்தன் கெஞ்சினான்.

"இன்னும் பதினோரு பேர் இலை போடலை. எண்ணும் நாள்வரைக்கும் இருக்கேன்னுதானே சொன்னேன்" என்றாள்.

சித்திரையில் அந்த நாள் வந்தது. தேனம்மை உள்ளிருந்து கொத்த, கூத்தன் வெளியிலிருந்து கொத்த, சுவர் பெயர்ந்து விழுந்தது. கூத்தன் எட்டிப் பார்த்தான். பார்த்தவன் அப்படியே பின்னால் சாய்ந்து, விழப்போய், சிறகடித்து நின்றான்.

இலைகளின் மேல் ஒரு குஞ்சு உட்கார்ந்திருந்தது. கொழுகொழுவென்று, பாதி இறகு முளைத்து. பக்கத்தில் தேனம்மை. அவளுக்கும் புதுச் சிறகுகள் வந்திருந்தன.

"எப்போ?" என்றான். வேறெதுவும் கேட்கத் தெரியவில்லை.

"அடைச்சுக்கிட்ட மறு வாரம் முட்டையிட்டேன். சொல்லியிருந்தா நீங்க அன்னைக்கே சுவரை உடைச்சிருப்பீங்க."

அது உண்மைதான் என்று கூத்தனுக்குத் தெரியும். அவன் தொண்டையிலிருந்த கடைசி ஆலம்பழத்தைக் குஞ்சுக்கு ஊட்டினான்.

ஓதியப்பர் குஞ்சைப் பதமாகத் தூக்கி, அடியில் கிடந்த இலைகளை எண்ணினார். நாற்பது. ஒன்று கூடவும் இல்லை, ஒன்று குறையவும் இல்லை. புதிய அவை முதல் வேலையாக மான்குட்டிகளின் தாயை அழைத்து விசாரித்து, சடையன் பெயரை ஏட்டிலிருந்து அடித்தது.

அந்த வருடம் காட்டில் பாம்புக்கும் பருந்துக்கும் தப்பிய ஒரே இருவாச்சிக் குஞ்சு தேனம்மையுடையதுதான் என்று மற்ற இருவாச்சிகள் பேசிக்கொண்டன. அடுத்த தையில் ஒவ்வொருத்தியும் ஒரு பொந்தைத் தேடிப் போனாள். அன்றிலிருந்துதான் பெண் இருவாச்சி தன்னை மரத்துக்குள் வைத்து அடைத்துக்கொண்டு இறகுகளை உதிர்க்கிறது. ஆண் இருவாச்சி ஒரு நாள் தவறாமல் பழம் சுமந்து வந்து, சிறு பிளவில் தெரியும் அலகு நுனிக்கு ஊட்டிவிட்டுப் போகிறது.